நிரலின் தொடக்க அடுக்கு: லினக்ஸ் எழுதிக் கொடுக்கும் முதல் பக்கமும் அதில் தமிழ் பெறும் இடமும்

சி, சி++ மொழிகளைக் கற்பிக்கும் வகுப்புகளில், நிரலின் இயக்கம் ‘மெயின்’ என்னும் செயற்கூறில் தொடங்குகிறது என்பதே முதற்பாடமாக அமைகிறது. தொடக்கநிலை மாணவருக்கு அந்த விளக்கம் போதுமானதே என்றாலும், மெயினின் முதல் வரி இயங்கும் வேளையில் ஒரு பெரும் பணி ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கிறது. இயங்குதளம் அந்த நிரலுக்கெனப் புதிய நினைவகப் பரப்பு ஒன்றை உருவாக்கி, அதன் மேற்பகுதியில் ‘ஸ்டாக்’ எனப்படும் அடுக்கை அமைத்து, நிரல் தன்னைப் பற்றியும் தன் சூழலைப் பற்றியும் அறிய வேண்டியவற்றை அந்த அடுக்கில் எழுதிவைத்த பின்னரே கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. இப்படி எழுதப்படும் பகுதியின் ஒழுங்கு என்ன, அந்த ஒழுங்கு ஏன் அவ்வாறு அமைந்தது, அதிலிருந்து எவ்வகைப் பழுதுகள் பிறந்தன, தமிழ்ச் சொற்கள் அதன் வழியே செல்லும்போது என்ன நேர்கிறது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அதனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களிடமும் லினக்ஸ் கெர்னல் போய்ச் சேர்ந்தது. கெர்னல் என்பது வன்பொருளையும் நினைவகத்தையும் நேரடியாக ஆளும் இயங்குதளத்தின் மையப்பகுதி. தொடக்க அடுக்கை எழுதுவதும் அதுவே. தஞ்சாவூரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டு அவற்றை நிரல்களால் ஆராய முனையும் எவருக்கும், அந்தப் பெயர்கள் நிரலைச் சென்றடையும் வழி இந்த அடுக்குதான்.

அடுக்கு என்பது, கடைசியாக வைக்கப்பட்டது முதலில் எடுக்கப்படும் நினைவகப் பகுதியாகும். டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டைகளை அட்டி போடும்போது கடைசியாக ஏற்றிய மூட்டையே முதலில் இறங்குவதைப் போல, ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியும் உள்மாறிகளும் அடுக்கின்மேல் ஏறுகின்றன. வேலை முடிந்ததும் அதே வரிசையின் தலைகீழாக இறங்குகின்றன. மூட்டை அட்டி தரையிலிருந்து மேலே எழுகிறது. பெரும்பாலான கணினிகளில் அடுக்கோ உயர்ந்த முகவரியில் தொடங்கித் தாழ்ந்த முகவரியை நோக்கி வளர்கிறது. அதன் தற்போதைய முனை எங்குள்ளது என்பதை நுண்செயலியின் ஒரு பதிவகம், அதாவது செயலிக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடம், எப்போதும் சுட்டிக்கொண்டிருக்கும். இது அடுக்குச் சுட்டி எனப்படுகிறது.

லினக்ஸில் ஒரு நிரலை இயக்கத் தொடங்கும் அழைப்புக்கு ‘எக்ஸெக்வி’ என்று பெயர். அழைப்பவர் மூன்று செய்திகளைக் கெர்னலிடம் கொடுக்கிறார்: இயக்க வேண்டிய கோப்பின் பாதை, கட்டளையோடு சேர்த்துத் தரப்படும் சொற்களாகிய செயலுருபுகள், மொழி, பயனரின் அடைவு முதலியவற்றைச் சொல்லும் சூழல் மாறிகள். இவை மூன்றும் அழைப்பவரின் பழைய நினைவகப் பரப்பில் கிடப்பவை. புதிய நிரல் ஏறும்போது பழைய பரப்பு முழுவதும் அழிக்கப்படும் என்பதால், அழிப்பதற்கு முன்பே கெர்னல் அவற்றைப் பத்திரப்படுத்தியாக வேண்டும். இதற்காக அது புதிய பரப்பு ஒன்றைத் தனியே உருவாக்கி, அதன் உச்சியில் ஒரு தற்காலிக அடுக்கை வைத்து, முதலில் எட்டு பைட்டு வெற்றிடம் விட்டு, அதற்குக் கீழே கோப்பின் பாதையையும், அதற்குக் கீழே சூழல் மாறிகளையும், அனைத்துக்கும் கீழே செயலுருபுகளையும் படியெடுக்கிறது. சரங்கள் கடைசியிலிருந்து முதலை நோக்கிப் படியெடுக்கப்படுவதால், அடுக்கு கீழ்நோக்கி வளர்ந்தாலும் அவை முகவரி வரிசையில் நேராகவே அமைந்துவிடுகின்றன. கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது, அதன் அடுக்கு இறுதியில் எந்த முகவரியில் நிற்கும் என்பவை இந்த நிலையில் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. முடிவான பின் அடுக்கு முழுவதும் உரிய இடத்துக்கு நகர்த்தப்படுகிறது. பழையதை இழப்பதற்கு முன் புதியதில் சேமித்தல், இடம் உறுதியான பின் நகர்த்தல் என்ற இந்த இரு கட்ட முறை, கெர்னலின் மிகத் தெளிவான வடிவமைப்புகளுள் ஒன்றாக மதிக்கத்தக்கது.

நகர்த்திய பின் இரண்டாம் எழுத்துப்பணி நிகழ்கிறது. சரங்களுக்குக் கீழே, செயலி வகையைக் குறிக்கும் ஒரு சிறு சரமும் 16 பைட்டு தற்போக்கு எண்களும் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கும் கீழே சுட்டிகளின் அட்டவணை வருகிறது. சுட்டி என்பது வேறோரிடத்தில் உள்ள தரவின் முகவரியைத் தாங்கும் எண். 64 பிட்டுக் கணினியில் ஒவ்வொன்றும் 8 பைட்டு கொள்ளும். அட்டவணையின் அடியில், அடுக்குச் சுட்டி நேராகச் சுட்டும் இடத்தில், செயலுருபுகளின் எண்ணிக்கை நிற்கிறது. அதற்கு மேல் செயலுருபுகளுக்கான சுட்டிகளும் அவற்றின் முடிவைக் காட்டும் ஒரு சுழியும், அதற்கு மேல் சூழல் மாறிகளுக்கான சுட்டிகளும் மற்றொரு சுழியும், அதற்கும் மேல் துணைத் திசையன் எனப்படும் பட்டியலும் அமைகின்றன.

இதைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘நெல்’ என்று பெயரிடப்பட்ட ஒரு நிரல், ‘தஞ்சாவூர்’, ‘குறுவை’ என்னும் இரு சொற்களுடன் அழைக்கப்படுவதாகக் கொண்டால், நிரலின் பெயரும் ஒரு செயலுருபாகவே எண்ணப்படுவதால் எண்ணிக்கை 3 ஆகிறது. யூனிகோடில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு பெறும். ‘நெல்’ 4 குறியீடுகளால் 12 பைட்டு, ‘தஞ்சாவூர்’ 9 குறியீடுகளால் 27 பைட்டு, ‘குறுவை’ 6 குறியீடுகளால் 18 பைட்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சுழி பைட்டு சேர, மொத்தம் 60 பைட்டு அடுக்கின் மேற்பகுதியில் இடைவெளியின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. கீழே எண்ணிக்கைக்கு 8 பைட்டும், மூன்று சுட்டிகளுக்கும் முடிவுச் சுழிக்குமாக 32 பைட்டும் போக, அடுக்குச் சுட்டியிலிருந்து சரியாக 40 பைட்டு தள்ளிச் சூழல் மாறிகளின் சுட்டிகள் தொடங்குகின்றன. இரு பட்டியல்களையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி மட்டுமே என்பது பின்னர் வரும் ஒரு பெரும் பழுதைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

இந்த அமைப்பின் வேர் யூனிக்ஸில் உள்ளது. 1970களின் தொடக்கத்தில் பிடிபி-11 கணினியில் இயங்கிய யூனிக்ஸே செயலுருபுகளைப் பரப்பின் உச்சியில் அடுக்கிலேயே வைத்தது. சூழல் மாறிகள் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அவற்றோடு சேர்ந்தன. துணைத் திசையன் யூனிக்ஸின் ‘சிஸ்டம் ஃபைவ்’ மரபிலிருந்து வந்தது. ஒவ்வொரு புதிய தேவையும் பழையதைக் கலைக்காமல் அதன்மேல் சேர்க்கப்பட்டது என்பதால், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எண்ணிக்கையே முதலில் நிற்கிறது. இந்த ஒழுங்கை வெறும் நினைவக ஏற்பாடாகக் கருதுவது குறைவான மதிப்பீடு. கெர்னலை எழுதுவோரும், தொகுப்பிகளை எழுதுவோரும், நிரல்களை எழுதுவோரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே கடைப்பிடிக்கும் உடன்படிக்கை அது.

துணைத் திசையன் மாணவர்களின் பாடநூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது; உண்மையில் நிரலின் தொடக்கம் அதை நம்பியே நடக்கிறது. ஓர் எண்ணும் ஒரு மதிப்புமாக இணைகளாய் வரும் இப்பட்டியலில், நிரலின் பகுதிகள் நினைவகத்தில் எங்கே ஏற்றப்பட்டன, நினைவகப் பக்கம் ஒன்றின் அளவு என்ன, நிரலின் உண்மையான நுழைவிடம் எது, முன்சொன்ன 16 பைட்டு தற்போக்கு எண்கள் எங்கே உள்ளன, நிரல் தன்னை அழைத்தவரைவிட மிகுந்த அதிகாரத்துடன் இயங்குகிறதா என்பன போன்ற செய்திகள் இடம்பெறுகின்றன. இன்றைய நிரல்களில் பெரும்பாலானவை பொது நூலகங்களைச் சார்ந்திருப்பதால், கெர்னல் முதலில் கட்டுப்பாட்டைத் தருவது நிரலிடமன்று. நூலகங்களைத் தேடி இணைக்கும் இயங்குநிலை இணைப்பியிடம். அது துணைத் திசையனைப் படித்தே எந்த நிரலுக்காக வந்திருக்கிறது என்பதை அறிந்து, நூலகங்களை ஏற்றி, பின்னர் நிரலின் நுழைவிடத்துக்குத் தாவுகிறது. அங்கும் மெயின் காத்திருப்பதில்லை. தொகுப்பி சேர்த்துவைத்த ‘ஸ்டார்ட்’ என்னும் சிறு பகுதி அடுக்கிலிருந்து எண்ணிக்கையை எடுத்து, அடுத்துள்ள முகவரியைச் செயலுருபுப் பட்டியலாகக் கொண்டு, அடுக்குச் சுட்டியை 16இன் மடங்காகச் சீரமைத்து, சி நூலகத்தின் தொடக்கச் செயற்கூறை அழைக்கிறது. அதுதான் கடைசியில் மெயினை அழைக்கிறது. 16 பைட்டு சீரமைவு தவறினால், பல எண்களை ஒருசேரக் கையாளும் சில கட்டளைகள் நிரலை அங்கேயே வீழ்த்திவிடும். அசெம்பிளியில் எழுதிப் பழகும் மாணவர்கள் காரணம் புரியாமல் தடுமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

அடுக்கின் அளவு முன்கூட்டியே முழுவதும் ஒதுக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் சிறு பகுதி மட்டுமே உண்மையான நினைவகத்தைப் பெறுகிறது. நிரல் அடுக்கில் மேலும் கீழிறங்கி, இன்னும் ஒதுக்கப்படாத பக்கத்தைத் தொடும்போது எழும் பக்கப்பிழையைக் கெர்னல் ஏற்று, புதிய பக்கத்தை இணைக்கிறது. வழக்கமான உச்ச வரம்பு 8 எம்பி.

செயலுருபுகளுக்கும் வரம்பு உண்டு. தமிழுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. 2007ஆம் ஆண்டின் 2.6.23 பதிப்பு வரும்வரை, லினக்ஸ் செயலுருபுகளுக்கும் சூழல் மாறிகளுக்கும் சேர்த்து 32 பக்கங்களை, அதாவது 128 கேபி அளவை மட்டுமே அனுமதித்தது. அந்தப் பதிப்பில்தான் சரங்களை நேராகப் புதிய பரப்பின் அடுக்கிலேயே படியெடுக்கும் முறை வந்தது; வரம்பும் அடுக்கின் உச்ச அளவில் நாலில் ஒரு பங்காக, வழக்கமான நிலையில் 2 எம்பியாக, உயர்ந்தது. அடைவு ஒன்றில் உள்ள கோப்புகள் அனைத்தையும் உடுக்குறியால் குறிப்பிடும்போது, ஷெல் என்னும் கட்டளை ஏற்பி அத்தனை பெயர்களையும் செயலுருபுகளாக விரித்துக் கொடுக்கிறது. பெயர் ஒவ்வொன்றும் 30 தமிழ்க் குறியீடுகளும் நான்கெழுத்துப் பின்னொட்டும் உடையதாக இருந்தால் 95 பைட்டு ஆகிறது. அதே நீளமுள்ள ஆங்கிலப் பெயருக்கு 35 பைட்டே போதும். சூழல் மாறிகளை விட்டுக் கணக்கிட்டால், பழைய வரம்பில் ஆங்கிலப் பெயர்கள் 3,700க்கு மேல் அடங்கிய இடத்தில் தமிழ்ப் பெயர்கள் 1,380க்குள் நின்றுவிடும். சுட்டிகளின் அளவும் கணக்கில் சேரும் இன்றைய வரம்பில் தமிழ்ப் பெயர்கள் ஏறத்தாழ 20,000 அடங்கும். ஓலைச்சுவடிப் படங்களையோ சொற்பட்டியல்களையோ ஆயிரக்கணக்கில் சேர்த்துவைக்கும் ஆய்வகத்துக்கு முதல் எண் ஒரு தடை. இரண்டாவது பெரும்பாலும் தடையாகாது. வரம்பை மீறினால், செயலுருபுப் பட்டியல் மிக நீளமானது என்ற பொருளுடைய பிழைச்செய்தி வரும். நிரலில் குறையில்லை, அடுக்கில்தான் இடமில்லை என்பதை அறிந்தவர் கோப்புகளைப் பகுதி பகுதியாகக் கொடுத்து வேலையை முடித்துவிடுவார்.

தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் ஏற்ற ‘டேஸ்-16’ குறியீட்டில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு உண்டு. அதில் ‘தஞ்சாவூர்’ ஐந்தே குறியீடுகளாக, 15 பைட்டில் அடங்கும். ஆயினும் பொதுப் பயன்பாட்டில் நிலைபெற்றது யூனிகோடே என்பதால், 27 பைட்டு கணக்கையே இன்று கொள்ள வேண்டியிருக்கிறது.

இடத்தைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. கெர்னல் எழுத்துகளை அறியாது. சுழி பைட்டு வரும்வரை உள்ளவற்றை அப்படியே படியெடுப்பது மட்டுமே அதன் வேலை. ‘கொள்ளிடம்’ என்னும் பெயரில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அடுக்கில் முதலாவது 27 பைட்டு, இரண்டாவது 30 பைட்டு. மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அவ்வாறு வந்த கோப்பு லினக்ஸில் அப்படியே வைக்கப்பட்டிருக்க, பயனர் விசைப்பலகையில் ஒற்றைக் குறியீட்டால் பெயரைத் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பு இல்லை என்றே நிரல் சொல்லும். இதற்குக் கெர்னலைக் குறைகூறுவது பொருந்தாது. மொழி எதையும் அறியாமல் இருப்பதால்தான், தமிழுக்கென ஒரு வரிகூட எழுதப்படாத அதே பழைய வழியில் தமிழ்ச் சொற்கள் சிதையாமல் நிரலைச் சேர்கின்றன. இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் கடமை செயலுருபைப் பெறும் நிரலுடையது. தமிழ் மென்பொருள் எழுதுவோர் மெயினின் முதல் வரிகளிலேயே அதைச் செய்வது நல்லது.

பாதுகாப்பின் வரலாறும் இந்த அடுக்கின்மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு, பயனர் விவரம் தரும் ஒரு சேவை நிரலின் 512 பைட்டு இடைநினைவகத்துக்கு அதைவிட நீண்ட சரத்தை அனுப்பி, மெயின் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியையே மாற்றி எழுதியது. அதற்குப் பின் வந்த காப்புகள் அனைத்தும் பழைய ஒழுங்கைத் தொடாமல் அதைச் சுற்றி வேலி கட்டியவை. 1998இல் வெளிவந்த ஸ்டாக்கார்டு, திரும்பும் முகவரிக்கு முன் ஒரு காவல் எண்ணை வைக்கும் முறையைத் தந்தது. இன்றைய லினக்ஸில் அந்த எண், கெர்னல் அடுக்கில் வைத்த 16 தற்போக்கு பைட்டுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. அடுக்கில் உள்ள தரவைக் கட்டளையாக இயக்கவிடாத தடை செயலிகளில் சேர்ந்தது. 2005இல் வந்த 2.6.12 பதிப்பிலிருந்து அடுக்கின் உச்சியே ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் அமைகிறது. 64 பிட்டு இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இந்த இடமாற்றத்தின் வீச்சு 16 ஜிபி. அடுக்கு வளர்ந்து பிற நினைவகப் பகுதிகளோடு மோதுவதைப் பயன்படுத்தும் தாக்குதலை 2017 ஜூனில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளிப்படுத்திய பின், அடுக்குக்குக் கீழே விடப்படும் வெற்றிடம் ஒரு பக்கத்திலிருந்து 256 பக்கங்களாக, அதாவது 1 எம்பியாக, விரிந்தது.

இவற்றுள் மிகவும் கற்பிப்பது 2022 ஜனவரியில் அதே நிறுவனத்தார் வெளியிட்ட ‘பிகேஎக்ஸெக்’ பழுதுதான். உயர் அதிகாரத்துடன் இயங்கும் அந்த நிரல், தன் பெயர் எப்போதும் முதற் செயலுருபாக வரும் என்று நம்பி, இரண்டாவதிலிருந்து படிக்கத் தொடங்கியது. ஒரு செயலுருபும் இல்லாமல் அதை அழைத்தால் எண்ணிக்கை சுழியாகிறது. செயலுருபுப் பட்டியலில் முடிவுச் சுழி மட்டுமே எஞ்சுகிறது. இரண்டாம் செயலுருபின் இடத்தில் நிற்பது முதல் சூழல் மாறியின் சுட்டி. நிரல் அதைத் தனக்குத் தரப்பட்ட பெயர் என எண்ணிப் படித்ததோடு, முழுப் பாதையாக மாற்றி அதே இடத்தில் எழுதியும் வைத்தது. உயர் அதிகார நிரல்களுக்கு ஆபத்தான சூழல் மாறிகளை இயங்குநிலை இணைப்பி தொடக்கத்திலேயே, துணைத் திசையன் தரும் எச்சரிக்கையின்படி, நீக்கிவிடும். நீக்கப்பட்டதை இந்த எழுத்து மீண்டும் உள்ளே கொண்டுவந்தது. 2009 முதல் இருந்த இந்த வழியில் சாதாரணப் பயனர் எவரும் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. ஓப்பன்பிஎஸ்டி செயலுருபற்ற அழைப்பை முன்பே மறுத்துவந்தது. லினக்ஸ் 2022இன் 5.18 பதிப்பிலிருந்து அத்தகைய அழைப்பில் ஒரு வெற்றுச் சரத்தைத் தானே சேர்த்து எண்ணிக்கையை ஒன்றாக்குகிறது. உடன்படிக்கையின் எழுதப்படாத ஒரு விதியை எழுதிச் சேர்க்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது என்பது கவலைக்குரியதே.

விண்டோஸ் வேறு வழியைக் கொண்டது. அங்குக் கட்டளை வரி முழுவதும் ஒரே சரமாக நிரலின் தகவல் பகுதியில் வைக்கப்படுகிறது. அதைச் சொற்களாகப் பிரிப்பது நிரலோடு வரும் சி நூலகத்தின் பொறுப்பு. அடுக்கின் அளவும் நிரல் கோப்பின் தலைப்பகுதியிலேயே குறிக்கப்படுகிறது.

லினக்ஸின் உடன்படிக்கை செயலி மாறினாலும் நிலைக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. 2018இல் அதன் சில்லு ஒன்று லினக்ஸை இயக்கியபோது, பதிவகங்களின் பெயரும் கட்டளைகளின் வடிவமும் இன்டெலிலிருந்து முற்றிலும் வேறுபட்டிருந்தும், அடுக்குச் சுட்டி சுட்டும் இடத்தில் எண்ணிக்கை, அதன்மேல் செயலுருபுகள், சூழல் மாறிகள், துணைத் திசையன் என்ற வரிசை மாறவில்லை. இதைக் கண்கூடாகப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. லினக்ஸ் ஏற்றிய பழைய மடிக்கணினியிலும், ‘எல்டி_ஷோ_ஆக்ஸ்வி’ என்னும் சூழல் மாறியின் மதிப்பை 1 என வைத்து பொது நூலகங்களைச் சார்ந்த சாதாரணக் கட்டளை ஒன்றை இயக்கினால், ஆங்கிலப் பேரெழுத்துகளில் தட்டப்படும் அந்தப் பெயரைக் கண்ட இணைப்பி துணைத் திசையன் முழுவதையும் திரையில் வரிவரியாக அச்சிடும். ஜிடிபி என்னும் பிழைதேடியில் நிரலை நுழைவிடத்திலேயே நிறுத்தி அடுக்குச் சுட்டியிலிருந்து எட்டு எட்டு பைட்டாகப் படித்தால், எண்ணிக்கையும் சுட்டிகளும் அவற்றின் வழியே ‘தஞ்சாவூர்’ என்பதன் 27 பைட்டும் ஒவ்வொன்றாகத் தெரியும்.